தூளிக்குப் போன இரண்டடி

கால்பந்து மைதானத்தில் கோடு போடுகிறவனை யாரும் பார்ப்பதில்லை. ஓடுகிற இருபத்திரண்டு பேரைப் பார்ப்பார்கள், பந்தைப் பார்ப்பார்கள், நடுவர் தடுக்கி விழுந்தால் அதை நாலு தடவை திருப்பிப் போட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைக் கோடுகள் மட்டும் புல்லோடு சேர்ந்து தானாக முளைத்தவை என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. ஒருவன் காலையில் வந்து, குனிந்த தலை நிமிராமல் ஒரு பெயின்ட் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால்தான் அவை வரும்.

அப்படித் தள்ளுகிற ஒருவனுக்கு அந்த விளையாட்டரங்கில் ‘ஸ்கேல்’ என்று பெயர். கூடவே புல் வெட்டுகிறவர்கள் வைத்த பெயர். ஆள் நெடுநெடுவென்று ஒல்லி. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாலும் நிமிர்ந்துதான் உட்காருவான். சாப்பாட்டு டப்பாவை மேசை ஓரத்துக்கு நேராக வைத்துவிட்டுத்தான் திறப்பான். சொந்த ஊரை விட்டு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஆறு வருஷத்தில் அவன் போட்ட கோடுகளை ஒன்றோடொன்று ஒட்டி நீட்டினால் கடல் தாண்டி ஊருக்கே போய், அங்கே நாலு தெரு சுற்றிவிட்டுத் திரும்பி வருமென்று கூட்டாளிகள் சொல்வார்கள். அளந்து பார்த்தவர் யாரும் இல்லாததால் அது இன்றுவரை உண்மையாகவே இருந்துவருகிறது.

ஸ்கேலிடம் ஒரு கயிறு இருந்தது. மஞ்சள் நிறம், சுண்டுவிரல் தடிமன், இழுத்தாலும் நீளாத பின்னல் கயிறு. ஒரு முனையில் இரட்டை முடிச்சுப் போட்ட வளையம். மறுமுனையில் சுற்றி வைப்பதற்கு ஒரு மரக்கட்டை. வளையத்தைக் கோல் கோட்டில் அடித்த முளையில் மாட்டி இழுத்துக்கொண்டு நடந்தால் ஐந்தரை மீட்டரில் ஒரு சிவப்பு நூல் குறி வரும், அது சின்னப் பெட்டி. பதினொன்றில் இன்னொன்று, அது பெனால்டி உதைக்கிற புள்ளி. பதினாறரையில் பெரிய பெட்டி. நடுவட்டத்துக்கும் ஒரு குறி உண்டு. எல்லாவற்றையும் ஸ்கேல் அளந்து சொல்ல, அவன் மனைவி ஊசி நூலால் குத்தித் தைத்துக் கொடுத்தாள். அவள் துணிக்கடையில் ஆல்டரேஷன் வேலை பார்த்தவள், கை அவ்வளவு சுத்தம்.

“இரும்பு டேப் இருக்கும்போது இந்தக் கயிறு எதுக்குப்பா?” என்று கேட்டால் ஸ்கேலிடம் பதில் தயாராக இருக்கும்.

“டேப் வெயில்ல நீளும், குளிர்ல சுருங்கும், காத்துல வளையும். என் கயிறு பொய் சொல்லாதுண்ணே.”

இதைக் கேட்கிற அண்ணன் மேற்பார்வையாளர். அவர் பெயர் விசில். வாயைத் திறந்து கூப்பிடுவது உடம்புக்கு ஆகாது என்பது போல எதற்கும் விசிலடித்தே கூப்பிடுவார். ஒரு நீள விசில் புல் வெட்டுகிறவருக்கு, இரண்டு குட்டை விசில் ஸ்கேலுக்கு, மூன்று அடித்தால் தேநீர். அவரும் பிழைக்க வந்தவர்தான், ஆனால் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால். அதனால் அந்த மண்ணையே தான்தான் கொண்டுவந்து கொட்டியதாக ஒரு தோரணை அவருக்கு உண்டு.

உலகத்து அணிகளெல்லாம் வந்து இறங்குகிற பெரிய போட்டி அந்த வருஷம் அங்கே வந்தது. போட்டி தொடங்க ஒன்பது நாள் இருக்கும்போது ஸ்கேலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று நாள் விடுப்புக் கொடுத்தார்கள். நாலாம் நாள் இரண்டு குட்டை விசில்.

குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. கணவனும் மனைவியும் ‘மேனேஜர்’ என்று கூப்பிட்டார்கள். யார் எப்போது தூங்க வேண்டும், யார் எப்போது சாப்பிட வேண்டும் என்பதையெல்லாம் அவள்தான் முடிவு செய்தாள். அழுகைக்குச் சின்னது பெரியது என்ற பேதமே கிடையாது, எடுத்த எடுப்பில் உச்சத்துக்குப் போய்விடும். அவர்கள் இருந்தது எட்டு மாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடி. மாடிக்கு ஒரு தேசத்துக் கொடி தொங்கியது. மேனேஜர் ஒருதரம் வாயைத் திறந்தால் எட்டு மாடியிலும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்கள். லிஃப்ட் பயந்துபோய் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டதாகக்கூட ஒரு பேச்சு உண்டு.

அவள் தூங்குவதற்கு ஒரே வழிதான் இருந்தது. தூளி. வாடகை வீட்டின் கூரையில் கொக்கி கிடையாது, ஓட்டை போடவும் விட மாட்டார்கள். ஸ்கேல் கதவு நிலையில் இறுக்கி மாட்டுகிற உடற்பயிற்சிக் கம்பி ஒன்றை வாங்கி வந்தான். மனைவியின் பழைய நூல் சேலை ஒன்று அதில் தொங்கியது. மேனேஜர் ஒரு வாரம் அதில் நல்லபடியாகத் தூங்கினாள், வீடும் தூங்கியது.

பயிற்சி மைதானத்தில் போட்டிக்காகப் புதுப் புல் விரித்திருந்தார்கள். பழைய கோடு ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாவற்றையும் புதிதாக அளந்து போட வேண்டும். ஸ்கேல் புதன்கிழமை தன் கயிற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து சோப்புப் போட்டு அலசி, பால்கனியில் காயப்போட்டான். வியாழக்கிழமை காலை எடுத்துக்கொண்டு போய்க் கோடு போட்டான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு அழகாகக் கோடு விழுந்ததில்லை. வாளியில் பெயின்ட்கூடக் கொஞ்சம் மிஞ்சியது. கை தேறிவிட்டதென்று மனதுக்குள் ஒரு சபாஷ் போட்டுக்கொண்டான்.

வேலை முடிந்ததும் ஒரு தாளில் இரண்டு கையெழுத்து விழ வேண்டும். அளந்தவர், சரிபார்த்தவர். ஸ்கேல் போட்ட இடத்துக்குக் கீழே விசில் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அப்புறம் போட்டி நடத்துகிறவர்கள் அனுப்பிய அதிகாரி வந்தார். புல்லின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்தார். கோட்டின் அகலத்தை அளந்தார். மண்ணின் ஈரத்துக்கு ஒரு கருவியைக் குத்தி எடுத்தார். கோடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் அளக்கவில்லை. கோடு கோடு இருக்கிற இடத்தில்தானே இருக்கும்.

வெள்ளிக்கிழமை அந்த மைதானத்துக்குப் பச்சைச் சட்டை அணி பயிற்சிக்கு வந்தது. சின்னத் தேசம். இவ்வளவு தூரம் வருவார்களென்று அவர்களே எதிர்பார்க்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மாலை அவர்களுக்குத் தோற்றால் வீடு என்கிற ஆட்டம். சமமாக முடிந்தால் பெனால்டி. அதனால் பயிற்சியாளர் தினமும் கடைசி அரைமணி நேரம் பெனால்டி உதைக்க வைத்தார்.

அவர்களுடைய கோல்கீப்பருக்கு மைதானத்து ஆட்கள் ‘பூட்டு’ என்று பெயர் வைத்தார்கள். வயது முப்பத்தெட்டு. கையை விரித்தால் ஒரு கையில் காலைச் சூரியனும் மறுகையில் மாலைச் சூரியனும் படும். அவ்வளவு பெரிய மனிதர் முதல் நாளே ஸ்கேலின் பெயின்ட் கொட்டகைக்கு வந்து, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, போனைத் திறந்து மூன்று பிள்ளைகளின் படத்தைக் காட்டினார். ஸ்கேலும் மேனேஜரைக் காட்டினான். பாஷை தெரியாது. ஆனால் குழந்தை தூங்கவில்லை என்பதை இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துத் தலையை ஆட்டிச் சொன்னால் உலகத்தில் எந்த அப்பனுக்கும் புரியும். பூட்டு எழுந்து ஸ்கேலின் தோளைத் தட்டினார். தோள் இரண்டு நாள் வலித்தது.

ஆனால் பயிற்சியில் பூட்டு திறந்தே கிடந்தது. முதல் நாள் பத்துப் பெனால்டியில் ஒன்றைப் பிடித்தார். இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாளும் இல்லை. சரியான பக்கம்தான் பாய்ந்தார், ஆனால் கை போய்ச் சேரும்போது பந்து வலைக்குள் இருந்தது. அவருக்கு அடுத்த கீப்பர் இருபத்தொரு வயதுப் பையன், உடம்பில் எலும்புக்குப் பதில் ஸ்பிரிங். அவன் தினமும் ஒன்று இரண்டைத் தட்டிவிட்டான்.

புதன்கிழமை பயிற்சி முடிந்து பூட்டு கொட்டகைக்கு வந்தார். கையுறைகளைக் கழற்றினார். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தார். தன் முழங்காலைக் காட்டினார், கண்ணைக் காட்டினார், கையை அகல விரித்து இல்லை என்பது போல அசைத்தார். பிறகு அந்தப் பையன் இருந்த பக்கம் கையை நீட்டித் தலையாட்டினார். வெள்ளிக்கிழமை காலை அணிப் பட்டியல் வரும், அதில் தான் இருக்கப்போவதில்லை, இதற்கு மேல் ஆடவும் போவதில்லை. அவ்வளவையும் அவர் ஒரு சொல்கூடப் பேசாமல் சொல்லி முடித்தார். ஸ்கேல் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். 

மறுநாள் வியாழக்கிழமை ஸ்கேலுக்கு மதியத்தோடு வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தூளியில் மேனேஜர் நெளிந்தாள். ஸ்கேல் ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டே அண்ணாந்து பார்த்தான்.

சேலையின் இரண்டு தலைப்பும் கம்பியில் சேர்கிற இடத்தில் மஞ்சளாக ஒரு சுற்று. சுண்டுவிரல் தடிமன். பின்னல் கயிறு.

அவன் கால் நின்றது. மேனேஜர் உடனே ஒரு எச்சரிக்கை விட்டாள். கால் மறுபடி ஆட ஆரம்பித்தது.

“இந்தாம்மா, மேலே கட்டியிருக்கறது என்ன கயிறு?”

“உங்க கயிறுதாங்க.”

“என் கயிறுன்னு தெரியுது. இங்க எப்படி வந்துச்சு?”

“கத்தரிக்கோல்ல வந்துச்சு,” என்றாள் மனைவி, மடித்த துணியை அடுக்கிக்கொண்டே. “போன புதன்கிழமை சேலை வழுக்கிக்கிட்டே இருந்துச்சு. அக்கா வீடியோவில பாத்துட்டு, ஒரு துண்டுக் கயிறு போட்டு இறுக்குடி, இல்லன்னா பிள்ளை கீழ வந்துரும்னா. நீங்க உக்காந்தபடியே தூங்கிட்டு இருந்தீங்க. எழுப்ப மனசு வரல.”

“எந்தப் பக்கம் வெட்டின?”

“வளையம் இருக்கற பக்கம், ரெண்டடி. அந்தப் பக்கம் கட்டை கழட்டவே வரல. பயப்படாதீங்க, சிவப்பு நூல் ஒண்ணைக்கூட தொடல. குறியே இல்லாம சும்மா கிடந்த இடம்தான். வெட்டிட்டு வளையத்தை நீங்க போடற மாதிரியே ரெட்டை முடிச்சுப் போட்டு வெச்சேன். உங்களுக்கே தெரியல பாத்தீங்களா.”

கடைசி வார்த்தையைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

ஸ்கேல் தையல் டப்பாவிலிருந்து அவளுடைய இஞ்ச் டேப்பை எடுத்தான். அதன் முனையை விரலால் மறைத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். “இந்த டேப்புல முதல் ரெண்டடியை வெட்டிட்டா, பாக்கியில சட்டை தைக்கலாமா?”

மனைவி டேப்பைப் பார்த்தாள், தூளியின் மேலே பார்த்தாள். கையிலிருந்த துணி மடிபடாமலே மடியில் விழுந்தது.

“ஐயோ,” என்றாள், மேனேஜர் எழுந்துவிடாத அளவுக்கு மெதுவாக. “பத்து வருஷம் டேப்பும் கையுமா இருந்தவ நான். ஒரு நிமிஷம்கூடத் தோணலையே.”

“தூங்கி எத்தனை நாள் ஆச்சு நீ. எனக்குத்தான் தோணியிருக்கணும். பெயின்ட் மிஞ்சினப்பவே.”

எல்லா அளவும் சேர்ந்தே குறைந்திருந்ததால்தான் யார் கண்ணுக்கும் படவில்லை. சின்னப் பெட்டி, பெரிய பெட்டி, நடுவட்டம், எல்லாம் ஒரே அளவுக்கு உள்ளே வந்திருந்தன. பெனால்டி புள்ளியும் கோலுக்கு ஏறத்தாழ இரண்டடி கிட்டே வந்து உட்கார்ந்திருந்தது. பூட்டின் கண்ணிலும் முழங்காலிலும் ஒரு கோளாறும் இல்லை. ஆறு நாளாக அந்த மனிதரை இரண்டடி கிட்டே வைத்துச் சுட்டிருக்கிறார்கள்.

“நாளைக்குக் காலையில டீம் சொல்லிடுவாங்க,” என்றான் ஸ்கேல்.

“அப்ப இன்னைக்கே சொல்லிடுங்க.”

“சொன்னா?”

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். அவனுடைய வேலை ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பித்த காகிதம் கைக்கு வந்தால்தான் மேனேஜரை அவர்களுடைய குடும்ப அனுமதியில் சேர்க்க முடியும். வராவிட்டால் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். உலகப் போட்டிக்கு வந்த அணியின் மைதானத்தைத் தப்பாக அளந்தவனுக்கு எந்த முதலாளி காகிதம் கொடுப்பான்?

“காலையில போய் சத்தம் போடாம திருத்திட்டா?” என்று அவனே கேட்டான். கேட்டுவிட்டு அவனே தலையாட்டினான். “அதுக்குள்ள லிஸ்ட் வந்துரும். அவர் மூட்டையைக் கட்டிட்டு உக்காந்திருப்பாரு.”

மனைவி எழுந்தாள். குழந்தையின் பையில் துணியை அடைத்தாள், தொப்பியைத் தேடினாள்.

“நீ எங்க?”

“வெட்டினது நான். நீங்க போனா உங்க பேரை மட்டும் சொல்லிட்டு வந்துருவீங்க. ஆறு வருஷமா உங்களைத் தெரியாதா எனக்கு?”

“பிறந்து இன்னும் நாப்பது நாள்கூட ஆகல. வெளியில எடுத்துட்டு வரலாமா?”

“அவளுக்காகத்தானே வெட்டினேன். அவளும் வந்து சொல்லட்டும்.”

இரண்டு பஸ் மாறிப் போனார்கள். மேனேஜர் பஸ்ஸில் அழவே இல்லை. பஸ்காரர் அதிர்ஷ்டசாலி, அது அவருக்குத் தெரியாது.

கழுத்தில் அட்டை தொங்காவிட்டால் ஈகூட உள்ளே பறக்க முடியாத காலம் அது. வாசல் காவலாளி ஸ்கேலின் அட்டையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், போர்வைக்குள் இருந்ததைப் பார்த்தார்.

“இவங்களுக்கு அட்டை?”

“இல்லை. விசில் அண்ணனைக் கூப்பிடுங்க. ரொம்ப அவசரம்.”

விசில் வந்தார். வாயில் விசிலோடுதான் வந்தார். குழந்தையைப் பார்த்ததும் எடுத்துவிட்டார்.

“அடடே, வாம்மா. பிள்ளையைக் காட்டவா வந்தீங்க? இன்னைக்குப் போயா? உள்ள பயிற்சி நடக்குதே.”

“அண்ணா, கோடு தப்பு,” என்றாள் மனைவி. “நான்தான் கயிறை வெட்டிட்டேன்.”

“என்ன கயிறு? யார் வெட்டினது?”

ஸ்கேல் முழுவதையும் சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான், ஆனால் நடுநடுவே மனைவி புகுந்து திருத்திக்கொண்டே இருந்ததால் நீண்டுவிட்டது. விசிலுக்கு முதலில் சிரிப்பு வந்தது. இரண்டடி என்றதும் சிரிப்பு நின்றது. பிறகு கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. அந்தத் தாள் அங்கே இல்லை, அலுவலகத்தில் இருந்தது. அதில் கீழே இருந்த கையெழுத்து அவருடையது.

“சரிபார்த்தவர்,” என்றார் விசில், தனக்குத்தானே. “நான் எங்கய்யா சரிபார்த்தேன்? டீ குடிச்சிட்டு இருந்தேன்.”

“அண்ணே, தப்பு என்னோடது. நீங்க வந்து...”

“நீ சும்மா இரு. கையெழுத்துப் போட எனக்குக் கை இருந்துச்சுல்ல.” ஒரு நிமிஷம் வானத்தைப் பார்த்தார். “இருபத்திரண்டு வருஷம். ஒரு நாள் குனிஞ்சு பாத்திருக்கக் கூடாதா? வாங்க.”

மைதானத்தில் பெனால்டிப் பயிற்சி தொடங்கும் நேரம். விசில் நேராகப் பயிற்சியாளரிடம் போனார். பயிற்சியாளர் குட்டையான மனிதர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண் நின்றாள். விசில் அந்த ஊர்ப் பாஷையில் சொல்லச் சொல்ல அவள் பயிற்சியாளருக்குச் சொன்னாள். தூளி என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. அவள் கேட்டாள், விசில் கையை ஊஞ்சல் போல ஆட்டிக் காட்டினார், ஸ்கேலின் மனைவி இடுப்புத் துணியை இரண்டு பக்கமும் பிடித்துக் காட்டினாள். பயிற்சியாளர் நெடுநேரம் யோசித்துவிட்டு, மீன் வலையா என்று கேட்டார். கடைசியில் மனைவி குழந்தையையே தூக்கிக் காட்டி, கண்ணை மூடித் தூங்குவதாக நடித்த பிறகுதான் விளங்கியது.

இரும்பு டேப் வந்தது. ஒரு முனையை விசில் கோல் கோட்டில் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். மறுமுனையோடு ஸ்கேல் புள்ளிவரை நடந்தான். அந்தப் பத்து மீட்டர் நடந்ததுதான் அவன் வாழ்க்கையிலேயே நீளமான நடை. ஊரிலிருந்து வந்த தூரம்கூட அதற்குக் குறைவு.

“பத்து மீட்டர் நாப்பது,” என்று படித்தான். அறுபது சென்டிமீட்டர் குறை.

உதைக்கிற பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆறு நாளாக உதைத்ததெல்லாம் உள்ளே போன கெத்து அவர்கள் முகத்திலிருந்து கொஞ்சங்கொஞ்சமாக இறங்கியது. பூட்டு கோலின் கீழே நின்றிருந்தார். மொழிபெயர்க்கிற பெண் அவரிடம் போய்ச் சொன்னாள். அவர் கேட்டு முடித்து, புள்ளியையும் கோலையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு நேராக ஸ்கேலை நோக்கி நடந்து வந்தார்.

ஸ்கேல் தோளைக் கொஞ்சம் தளர்த்தி வைத்துக்கொண்டான். எது வந்தாலும் வாங்கிக்கொள்வதென்று முடிவு.

பூட்டு அவனைத் தாண்டிப் போனார். மனைவிக்கு முன்னால் நின்று கையுறைகளைக் கழற்றிக் கீழே போட்டார். இரண்டு கையையும் சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு நீட்டினார். மனைவி ஸ்கேலைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். மேனேஜர் அந்த உள்ளங்கைக்குள் முழுசாக அடங்கினாள், ஒரு காலுக்கு இடம்கூட மிஞ்சியது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த முகத்தை அண்ணாந்து பார்த்தாள். அழவில்லை. அவர் ஏதோ சொன்னார்.

“என்ன சொல்றாரு?” என்று கேட்டாள் மனைவி.

மொழிபெயர்க்கிற பெண் சிரித்தாள். “தன்னோட கடைசிப் பிள்ளையும் இப்படித்தானாம். வாஷிங் மெஷின் ஓடினாத்தான் தூங்குவானாம். வீட்டுல அழுக்குத் துணியே மிச்சமில்லாம துவைச்சாங்களாம்.”

பயிற்சியாளர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் மூலமாக ஸ்கேலிடம் ஒரு கேள்வி கேட்டார். “இதை நீங்க சொல்லாம இருந்திருந்தா எங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஏன் சொன்னீங்க?”

ஸ்கேலுக்கு அழகாகப் பேச வராது. “அவர் தப்புன்னு அவர் நினைச்சிட்டு இருந்தாரு,” என்றான். “அது என் தப்பு.”

பயிற்சியாளர் தலையசைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தப்பான புள்ளியின் மேல் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். சரியான இடத்தில் புதுப் புள்ளி விழுந்தது. விசில் தானே குனிந்து இரண்டு தடவை அளந்தார். பெரிய கீப்பருக்குப் பத்து, சின்னக் கீப்பருக்குப் பத்து. பெரியவர் நாலைப் பிடித்தார், சின்னவன் மூன்றை. நாலாவது பந்தை ஒற்றைக் கையால் தட்டிவிட்டு எழுந்தபோது பூட்டு யாரையும் பார்க்கவில்லை, தன் கையைத்தான் பார்த்தார். ரொம்ப நாளாகக் காணாமல்போன சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல.

வெளியே வரும்போது விசில் ஸ்கேலைத் தனியாக நிறுத்தினார்.

“நான் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும். உன் பேரும் வரும், என் பேரும் வரும். பதில் வர்ற வரைக்கும் நீ வர வேண்டாம். வீட்டுல இரு.”

“காகிதம், அண்ணே?”

“தெரியலப்பா. பொய் சொல்லி உன்னைத் தேத்த மாட்டேன்.”

இப்படியாக, போட்டி தொடங்கிய நாளிலிருந்து கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத விடுப்பு ஸ்கேலுக்கு நாலு நாள் கிடைத்தது. அதை எப்படி அனுபவிப்பதென்றுதான் தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தான், சமையலறை அலமாரியை இரண்டு தடவை அடுக்கினான். மனைவி தேடின பாத்திரம் ஒன்றும் இருந்த இடத்தில் இல்லை.

“உங்களைச் சீக்கிரம் வேலைக்குக் கூப்பிடணும்னு நான் வேண்டிக்கறேன்,” என்றாள் அவள். “காகிதத்துக்காக இல்லை, என் சமையலறைக்காக.”

வெள்ளிக்கிழமை காலை பட்டியல் வந்தது. முதல் பெயர் பூட்டினுடையது. மாலையில் மூன்று பேரும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஐந்தாம் மாடியில் தொங்கியது வேறு கொடி, ஆனால் அவர்கள் வீட்டு ஜன்னலில் மட்டும் மனைவியின் பச்சைத் தாவணி ஒன்று காயவில்லை என்ற பெயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பூட்டு பிடித்த பந்துகளை எண்ணியவர்கள் ஏழு என்கிறார்கள். ஸ்கேலைக் கேட்டால் பதினேழு என்பான். பாய்ந்தார், விழுந்தார், எழுந்தார், கத்தித் தன் ஆட்களை விரட்டினார். அப்படியும் இரண்டு பந்துகள் உள்ளே போயின, ஒன்று தலையால் வந்தது, ஒன்று தன் அணிக்காரன் காலிலேயே பட்டுத் திரும்பியது. எதிர்ப்பக்கம் ஒன்றும் விழவில்லை. ஆட்டம் அதோடு முடிந்தது. பெனால்டி என்ற பேச்சே வரவில்லை.

“அப்ப அந்த ரெண்டடி?” என்றாள் மனைவி.

“தேவைப்படவே இல்லை,” என்றான் ஸ்கேல்.

திரையில் பூட்டு எதிரணிக் கீப்பரிடம் சட்டையை மாற்றிக்கொண்டு, நாலு பக்கமும் திரும்பிக் கை தட்டினார். கூட்டம் எழுந்து நின்று பதிலுக்குத் தட்டியது. கடைசி ஆட்டம் என்று வர்ணனையாளர் சொன்னார். பூட்டின் முகத்தில் சோகம் இருந்ததா என்று ஸ்கேல் உற்றுப் பார்த்தான். வேர்வைதான் இருந்தது. தோற்றுப்போன ஒருவர் அவ்வளவு நிம்மதியாக மூச்சு விடுவதை அவன் அதுவரை பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. வாசலில் விசில், கையில் இரண்டு உறையோடு. ஆறு வருஷத்தில் அவர் ஸ்கேலின் வீட்டுக்கு வந்ததில்லை. லிஃப்ட் அன்றைக்கும் மக்கர் பண்ணியிருந்ததால் ஐந்து மாடியும் ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“தண்ணி குடும்மா முதல்ல.” குடித்தார். உட்கார்ந்தார். “ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. ரெண்டும் எச்சரிக்கைக் கடிதம். ஒரே எழுத்து, ஒரே வசவு, பேர் மட்டும் வேற. வாங்கிக்கோ.”

ஸ்கேல் உறையைப் பிரிக்காமல் கையில் வைத்திருந்தான். “காகிதம்?”

“அதுக்குள்ளயே இருக்கு பாரு. பச்சைச் சட்டை பயிற்சியாளர் ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல நாலு வரி எழுதிக் குடுத்துட்டுப் போனாராம். என்ன எழுதினாருன்னு நமக்குச் சொல்லல. காகிதம் போட்டுட்டாங்க. எப்பவும் போடற ரெண்டு வருஷம் இல்லை, ஒரு வருஷம்தான்.”

ஸ்கேல் பிரித்துப் பார்த்தான். தேதியைப் படித்தான். மனைவி அவன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

“ஒரு வருஷம்,” என்றான் ஸ்கேல், அது கூடுதலா குறைவா என்று தெரியாதவன் குரலில்.

“நாளைக்கே போய் இவ பேரைச் சேர்த்துரலாம்,” என்றாள் மனைவி. “அதுக்கு முன்னாடி இவளுக்கு ஒரு பேர் வெக்கணும். மேனேஜர்னு எழுதினா வாங்க மாட்டாங்க.”

“சேத்துக்கோங்க, சேத்துக்கோங்க,” என்றார் விசில். “இன்னும் ஒண்ணு இருக்கு. இனிமே எந்த மைதானம் அளந்தாலும் டேப்பாலதான் அளக்கணும். இன்னொரு முனையை நானே பிடிக்கணும். எழுத்துல போட்டுட்டாங்க. எனக்கு அம்பத்தாறு வயசு. என் முட்டிக்கு நீ பதில் சொல்லணும்.”

புதன்கிழமை காலை புல் இன்னும் ஈரமாக இருந்தது. கோல் கோட்டில் விசில் ஒரு பழைய சாக்கை விரித்து அதன் மேல் மண்டியிட்டு டேப்பின் முனையை அழுத்திப் பிடித்திருந்தார். ஸ்கேல் பதினொரு மீட்டர் தள்ளி நின்றான். விசில் வாயால் ஊத முடியாதபடி இரண்டு கையும் வேலையில் இருந்ததால் வாயைத் திறந்தே பேச வேண்டியிருந்தது.

“சரியா இருக்கா?”

“இருக்கு அண்ணே. உங்க பக்கம் பூச்சியத்துலதான் இருக்கா?”

“இருக்குப்பா.”

“குனிஞ்சு பாத்தீங்களா?”

விசில் முணுமுணுத்துக்கொண்டே தலையைத் தாழ்த்தினார்.